கனத்த நரம்பும் கஞ்சி போட்ட குதிரையும்

பேஞ்சோ நரம்பு விற்கிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நரம்பு வாங்க வருவதில்லை, புத்தி சொல்ல வருகிறார்கள். மீதிப்பேர் புத்தியும் சொல்லிவிட்டு, தப்பான நரம்பையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். தையல் மிஷின் வைத்திருக்கிறவர்கள், மாவு மில் நடத்துகிறவர்கள், கம்பவுண்டர் வேலை பார்க்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். தொழில் தெரியாத ஆள் நமக்குத் தொழில் சொல்லித் தருவதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நிற்பதற்குத் தனியாக ஒரு கிருபை வேண்டும். அந்தக் கிருபைக்காக நான் தினமும் காலையில் முழங்கால் போட்டதுண்டு. பத்து மணிக்குக் கடை திறந்தால் பத்தரைக்குள் அது தீர்ந்துபோகும்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் ஆர்மோனியம் ரிப்பேர் பார்ப்பார். நரம்பு வியாபாரம் என் பங்கு. நான் எட்டாவது வரைதான் படித்தவள். போர்டிங்கில் இருந்தபோது, அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைசானி அம்மாவுக்கு நரம்பு மாட்டும்போது முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. பிடித்த கை பழகிவிட்டது. அவ்வளவுதான் என்னுடைய சங்கீதப் பரம்பரை.

பேஞ்சோ என்றதும் பட்டனை அமுக்கி வாசிக்கிற பெட்டியை நினைக்காதீர்கள். இது மேல்நாட்டு பேஞ்சோ. சல்லடை மாதிரி வட்டமான வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல், அதிலிருந்து நீளுகிற கழுத்து, விரலால் அமுக்குகிற இடத்துக்கு அடையாளமாகக் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகள், ஐந்து நரம்பு. விரல் நுனியால் சுண்டி வாசிக்க வேண்டும். நரம்புகளைத் தோலுக்கு மேலே தூக்கிப் பிடிக்க, தீப்பெட்டி நீளத்துக்கு, மூன்று கால் வைத்த ஒரு மரத்துண்டு உண்டு. வீணைக்காரர்கள் பாஷையில் அதற்குக் குதிரை என்று பெயர். மிஷனரிமார் இந்த வாத்தியங்களை இங்கேயும் அங்கேயும் கோயில்களில் விட்டுவிட்டுப் போனார்கள். (எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்கு சர்ச் என்பது கோயில்தான்.) வாசிக்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை.

எங்கள் கோயிலுக்கும் துரைசானி அம்மா தம்முடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் வாசிப்பேன். ஆட்டுக்குடல் நரம்புக்கென்று செய்த மெல்லிய கழுத்து அதற்கு. குடல் நரம்பு கிடைக்காமல் போன பிறகு நைலான் போட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே இழுப்பு. ஆனால் கம்பி நரம்பு போட்டால், அது இழுக்கிற இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த நம் பக்கத்தில் ஆள் கிடையாது. அந்தக் கம்பி நரம்பைப் போட்டே தீருவது என்றுதான் எங்கள் சபைக் கமிட்டி அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளம்பியது. அந்த மூன்று மாதத்தில் நான் பட்டது இது.

ஆண்டவருக்கு மெல்லிசா?

முதலில் வந்தவர் ராயகிரி உபதேசியார், பாஸ்டர் வராத வாரம் அங்கே பிரசங்கம் பண்ணுகிறவர். சாதுவான மனிதர், அதனால் கோபப்படவும் வழியில்லை. அவர்கள் கோயில் பேஞ்சோவில் பலாப்பழத்தைத் தட்டினது மாதிரி சத்தம் வருகிறது என்று பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஐந்து நரம்பும் ஒரே கனம். தூத்துக்குடியில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் வாங்கின தூண்டில் நைலான். அதிலும் ஆகக் கனமானது. சுறா மாட்டினாலும் அறாது.

தூண்டில் நைலானில் தப்பில்லை. நானே அதைத்தான் போடுகிறேன். ஆனால் நரம்புக்கு நரம்பு கனம் வேறு. முதலாவதும் ஐந்தாவதும் ஆக மெல்லிசு. இரண்டாவது அதைவிட ஒரு பிடி கூட. மூன்றாவது இன்னும் கூட. நாலாவதற்கு மட்டும் பட்டு நூல்மேல் மெல்லிய கம்பி சுற்றின நரம்பு. மெல்லிசுதான் துள்ளும். தடித்தது படுத்துக்கொள்ளும். இதை ஒவ்வொரு நரம்பாக விரலில் சுற்றிக் காட்டி விளக்கினேன். உபதேசியார் அடுத்தவர் பிரசங்கத்தைக் கேட்கிற முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மெல்லிசை மாட்டி ஒரு கீர்த்தனை வாசித்தும் காட்டினேன். மணி மாதிரி பேசியது. கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்றார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று பொட்டலம் கட்டப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"சத்தமெல்லாம் சரிதாம்மா. ஆனா ஆண்டவருக்குன்னு போடுததுல போயி மெல்லிசைப் போடச் சொல்லுதியளே, மனசு கேக்கலியே! கனத்ததே இருக்கட்டும்."

பாதி வழியில் ஒரு ஆணி

அடுத்த வாரம் பனவடலிசத்திரத்திலிருந்து பருத்தி விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வந்தார். அந்த ஊர்ச் சபைக்குப் பெரியவர். பருத்தி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, "எங்க பேஞ்சோவுக்கு நாலு நரம்பு குடுங்க தாயி" என்றார். ஐந்து என்றேன். நாலுதான் என்றார்.

ஐந்தாவது நரம்பு மற்றதைவிடக் குட்டை. அதை முறுக்குகிற ஆணி கழுத்தின் நுனியில் இருக்காது. பாதி வழியில், பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். பெருவிரல் அந்த நரம்பைச் சுண்டிக்கொண்டே இருந்தால்தான் பாட்டுக்கு நடை வரும். அது இல்லாமல் வாசிப்பது ஒரு காலில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. "அந்தப் பாதி வழி ஆணி என்னாச்சு அண்ணாச்சி, உடைஞ்சிட்டா?" என்று கேட்டேன். "உடையவா? நல்லாயிருக்கு, நல்ல உபயோகமாவும் இருக்கு" என்றார். விசாரித்தால், ஆராதனை இல்லாத நேரத்தில் பேஞ்சோ சுவரில் தொங்குமாம். அந்த ஆணியில் காணிக்கைப் பையை மாட்டி வைப்பார்களாம். எத்தனையோ வருஷப் பழக்கம். பைக்கயிறு உரசி உரசி அந்த இடத்தில் பள்ளமே விழுந்திருக்கிறது என்று பெருமையாகவும் சொன்னார். அது நரம்புக்கு உள்ள ஆணி என்று மெதுவாகச் சொன்னேன். பருத்தியில் தண்ணீர் தெளித்து எடை போடுகிற ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நாங்க படிக்காத ஆளுகதான் தாயி. ஆனா ஒருத்தன் மெனக்கெட்டுப் பாதி வழியில ஆணி வச்சிருக்காம்னா, எதையாவது மாட்டத்தாம்னு எங்களுக்கும் தெரியும்லா!"

நாடாக் கட்டைக் குதிரை

வெளியூர்க்காரர்களைச் சொல்லி என்ன? எங்கள் சபையிலேயே தங்கையா அண்ணாச்சி இருக்கிறார். கமிட்டிச் செயலாளர். சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்து காது பாதி மந்தம். காது மந்தமானவரைப் பாட்டு விஷயத்துக்குப் பொறுப்பாக வைப்பது எங்கள் சபையில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். விசாரித்ததில் எல்லாச் சபையிலும் அப்படித்தானாம்.

பேஞ்சோ தனக்குக் கேட்கவில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். குதிரை சின்னதாக இருப்பதுதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்தார். குதிரைக்கு மரம் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கனம் கூடாது, ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். வேம்பு, தேக்கு, பூவரசு, மூங்கில் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் வேலை பார்க்கிற என் மகள் மேசையில் தட்டித் தட்டி முறித்த மர ஸ்கேலில்தான் கடைசியாக நான் நின்றேன். இழைத்துக் கால் வெட்டினால் உள்ளங்கையில் வைத்ததே தெரியாது. அது நிற்கிற இடமும் முக்கியம். கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு எவ்வளவு தூரமோ, அந்த மெட்டிலிருந்து குதிரையும் அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு நூல் இருந்தால் அளந்துவிடலாம். ஆணி கிடையாது, பசை கிடையாது. நரம்பு அமுக்குகிற அமுக்கில்தான் அது நிற்கும்.

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? தறியில் குறுக்கே ஓடுகிற நாடா இருக்கிறதே, அதில் தேய்ந்துபோன ஒரு கட்டையை அறுத்து, என் குதிரையைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு குதிரை செய்து, புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இரும்பு மாதிரிக் கனம். மரியாதைக்காக மாட்டினேன். நரம்பு ஆகாயத்தில் நின்றது. அமுக்கினால் மெட்டைத் தொடமாட்டேன் என்றது. சத்தம், போர்வைக்குள்ளிருந்து ஒரு ஆள் இருமுகிற மாதிரி வந்தது. "கனத்த குதிரை சத்தத்தைத் தின்னுரும் அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. கட்டையைத் திரும்ப வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"ராவும் பகலும் ஓடி, ஊருக்கெல்லாம் துணி நெய்ஞ்ச மரம் மதினி இது! உங்க நாலு பாட்டைத் தாங்காதுங்கிய. அப்போ கோளாறு மரத்துல இல்ல, நரம்புல. கம்பியப் போடுங்க."

தாலுகா ஆபீஸ் கழுத்து

கம்பிப் பேச்சு இப்படித்தான் ஆரம்பித்தது. கமிட்டி கூடிக் கெடு வைத்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருச் சுற்றுகிற குருத்தோலை ஞாயிறு பவனியில் பேஞ்சோ கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மறுநாளே கம்பி. கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர் தங்கையா அண்ணாச்சி. கடைசி வரிசையில் தானே நிற்பதாகவும் ஏற்றுக்கொண்டார். பாதிக் காது மந்தமான நீதிபதி! நான் ஜெபம் பண்ணினேன். வேறு என்ன செய்ய?

ஜெபத்துக்குப் பதில் மாதிரி, ஒரு சாட்சி வந்தார். தாலுகா ஆபீஸ் கிளார்க் கோமதிநாயகம். குற்றாலத்தில் யாரோ பங்களாவைக் காலி பண்ணினபோது அவருக்கும் ஒரு பேஞ்சோ கிடைத்திருக்கிறது. அதில் வீணைக் கம்பியைத் தானே மாட்டி, தானே முறுக்கி, "கொஞ்ச நாளா கம்பி விரலுக்கு எட்ட மாட்டேங்குதும்மா" என்று கொண்டுவந்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். குலை தள்ளின வாழை மாதிரி கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. கழுத்தின் அடியில் வெடிப்பு. குதிரைக் காலடியில் தோல் கிழியத் தயாராக இருந்தது. செத்த வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வருத்தமே இல்லை. "போனாப் போகுது. முத நாளு வாசிச்சதுல எதிர்த்த வீட்டுக்காரன் ஜன்னலச் சாத்துனாம்லா!" என்று சந்தோஷப்பட்டார்.

அந்த பேஞ்சோவை ஒருநாள் இரவல் வாங்கி, அண்ணாச்சியின் தறிக் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கம்பி என்ன செய்யும் என்று கண்ணாலே பார்க்கட்டும். அவர் தறியை நிறுத்தச் சொல்லி, வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அதானே பாத்தேன்! இது தாலுகா ஆபீஸ் கழுத்து மதினி, அப்படித்தான் வளையும். நம்மது கோயில் கழுத்து. விசுவாசத்துல நிக்கும்."

மகன் வாங்கி வந்த பொட்டலம்

என் மூத்தவன் செல்வின் மெட்ராஸில் வேலை பார்க்கிறான். குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் ரயிலில் வந்து இறங்கினான். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிள்ளை, பெட்டியைத் திறந்து என்னிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான். சேலை என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் கம்பி நரம்பு, ஒரு செட். அண்ணாச்சி அவனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். இவன் மெட்ராஸ் முழுக்க அலைந்து வாங்கியிருக்கிறான். தலைவலித் தைலம் வாங்கிவரச் சொன்னால் மறந்துபோகிறவன்!

"அண்ணாச்சியை ஸ்டேஷன்லயே பாத்துட்டேம்மா. அம்மாகிட்டக் குடுத்துருதேன், பவனிக்கு மாட்டிருவாங்கன்னு சொல்லிட்டேன்" என்றான். நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். "மாட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சட்டென்று ஆர்மோனியத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் வாக்குவாதம் வரும்போதெல்லாம் அந்த ஆர்மோனியத்துக்கு ரிப்பேர் வந்துவிடும். "கழுத்து வளைஞ்சா யாருலே நிமித்துவா, நீயா?" என்று மகனைக் கேட்டேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டே, பாலுக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னான்:

"வளைஞ்சா தூக்கிப் போட்டுட்டு ஒரு கரண்டு கிடார் வாங்கிருவோம். ஊரே கரண்டுக்கு மாறிட்டு. நீ என்னன்னா இன்னும் தூண்டில் நைலானைக் கட்டிக்கிட்டு அழுத."

கோயில்பிள்ளையின் கஞ்சி

நைலான் புதிதில் இளகிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த வாரத் தொடக்கத்திலேயே புது நரம்பு மாட்டி, தினமும் இழுத்து இழுத்துப் பழக்கி, சனிக்கிழமை சாயங்காலம் சுருதி சேர்த்து, பேஞ்சோவைக் கோயிலில் பாஸ்டர் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையில் வைத்துவிட்டு வந்தேன். என் குதிரைகளிலேயே ஆக லேசானதை வைத்திருந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான், மீதி கர்த்தர் பாடு என்று தூங்கினேன்.

ஞாயிறு காலையில் எடுத்து வாசித்தால் ஒரு மெட்டும் சேரவில்லை. மேலே போகப் போகப் புளித்த மோர். பார்த்தால் குதிரை ஒரு விரல்கடை தள்ளி நிற்கிறது. நகர்த்தினேன், நகரவில்லை. மூன்று கால்களையும் சுற்றி வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. எங்கள் கோயில்பிள்ளை யோபு, கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர். வார நாளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வேலை. தூசி தட்டும்போது கை பட்டுக் குதிரை விழுந்திருக்கிறது. மனிதர் பயந்துபோய், அதை எடுத்து நிறுத்தி, இனிமேல் விழவே கூடாது என்று பாவுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஒட்டிவிட்டார். நெசவு ஊரில் வேறு எந்தப் பசையை ஒருவன் நினைப்பான்?

தண்ணீர் தொட்டுத் துடைத்தால் கஞ்சி விட்டுவிடும். ஆனால் தோலும் இளகிப்போகும். இளகின தோல் மத்தியானம் வரைக்கும் நனைந்த அப்பளம்தான். ஏற்கெனவே கஞ்சி ஈரத்தில் குதிரைக் காலடி கொஞ்சம் அமுங்கியிருந்தது. வெளியே ஜனங்கள் ஓலையோடு வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்குக் கேட்கவில்லை என்றால் நாளைக்குக் கம்பி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யோபு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னைத் தேற்றினார்:

"இத்தன வருசமா ஒட்டாமலா வச்சிருந்திய? யாரும் பாக்கலன்னு நெனச்சியளாக்கும்! பயப்படாதிய, நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

குருத்தோலை அளவு

என்னைக் காப்பாற்றியது ராயகிரி பஸ். பாஸ்டர் ஐயா அங்கே முதல் ஆராதனையை முடித்துவிட்டு எங்களுக்கு வர வேண்டும், பஸ் வரவில்லை. பாஸ்டர் வராமல் பவனி கிளம்பாது. நான் பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய், சைக்கிள் ஷெட் தகரத்துக்குப் பக்கத்தில், அதன் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பங்குனி வெயில், எட்டு மணிக்கே உச்சியைச் சுட்டது. கண்ணை மூடி ஜெபித்தேன். பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று ஒருத்தி ஜெபித்ததை, ஆண்டவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டிருப்பார்.

பஸ்ஸும் வரவில்லை, கஞ்சியும் காய்ந்தது. வெள்ளை மாறிக் கீறல் விட்டது. நரம்புகளைத் தளர்த்திவிட்டு நகத்தால் ஒரு சுண்டு. புண்ணில் பக்கு உரிகிற மாதிரி மூன்று காலும் விட்டன. அளக்க நூலைத் தேடினால் இல்லை. கையில் இருந்தது குருத்தோலைதான். அதில் ஒரு கீற்றைக் கிழித்து, மேல்முனையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரைக்கும் வைத்து நகத்தால் குறித்து, அதே அளவை மெட்டிலிருந்து கீழே வைத்தேன். முடிகிற இடத்தில் குதிரையை நிறுத்தினேன். நரம்பை ஏற்றி ஒரு சுண்டு சுண்டினேன். நானே திடுக்கிட்டுவிட்டேன். வெயில் குடித்த தோல் உடுக்கு மாதிரி இறுகிப்போயிருந்தது. இத்தனை வருஷமாக வெஸ்ட்ரி இருட்டில் வைத்து எடுத்து வாசித்த முட்டாள் நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாஸ்டர் வந்தார், பவனி கிளம்பியது. வெயில் ஏற ஏறத் தோலும் இறுகியது. பஜார் முனையில் டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பவனி திரும்பிக் கோயில் வாசலுக்கு வந்ததும், கடைசி வரிசையிலிருந்து தங்கையா அண்ணாச்சி ஓலையை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "மதினி! ஒவ்வொரு எழுத்தும் கேட்டுது! கம்பின்னா கம்பிதான்!"

பண்டிகை நாளில் பொய்க்கு இடம் கொடுக்கலாமா? "அண்ணாச்சி, இது நைலான்" என்றேன். "வெளயாடாதிய" என்று சொல்லி, நரம்பைத் தொட்டுப் பார்த்தார். ஐந்து நரம்பில் அவர் விரல் போய்ப் பட்டது நாலாவதில். கம்பி சுற்றின ஒரே நரம்பு அதுதான். "இதென்ன, வாழ நாரா?" என்றார். நான் விடவில்லை. செல்வினை வீட்டுக்கு விரட்டி, பிரிக்காத பொட்டலத்தை எடுத்துவரச் சொல்லி, அவர் கையிலேயே கொடுத்தேன். செல்வின் என் காதோரம், "விட்டுரும்மா, கழுத்து தப்பிச்சிட்டுல்லா" என்று முணுமுணுத்தான். அண்ணாச்சி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டின காகிதம் ஒட்டினபடி இருப்பதைப் பார்த்தார். அப்புறம் என் மகனை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு செட்டா வாங்கிட்டு வந்திருக்கான் பாருங்க! பிள்ளைன்னா இவம்லா பிள்ள!"

தீர்மானம்

திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. நான் கூப்பிடாமலே போய், மூன்றாவது தடவையாக உண்மையைச் சொன்னேன். கம்பி இல்லை, நைலான். சத்தம் கூடினது வெயிலாலும் லேசான குதிரையாலும் என்று. எல்லாரும் அன்பாகக் கேட்டார்கள். பாஸ்டர் ஐயா, "தாழ்மை நல்ல குணம்தாம்மா" என்றார். யோபு வாசலில் நின்றபடி, தன் கஞ்சியைப் பற்றி நான் சொல்லிவிடுவேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. பிறகு அண்ணாச்சி எழுந்து, தீர்மானத்தைத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரலில் வாசித்தார்:

"பேஞ்சோவுல இப்போ பூட்டியிருக்க கம்பி நரம்பு சபைக்குப் பூரண திருப்தி. அத யாரும் கழத்தவோ மாத்தவோ கூடாது. மதினி, முக்கியமா நீங்க!"

அந்தத் தீர்மானத்துக்குக் கீழ்ப்படிந்து எங்கள் கோயில் பேஞ்சோவின் கம்பி நரம்பை நான் இன்று வரைக்கும் மாற்றியதே இல்லை. அறுந்தால் மட்டும் தூத்துக்குடிக்குச் சொல்லிவிட்டு, ஆக மெல்லிய தூண்டில் நைலானாகப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.